மன்னார் வளைகுடாவின் கதை – 11: கல் எடுத்த காலம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்துபோனதைச் சென்ற இதழில் பார்த்தோம். 1955-இல் தொடங்கி அந்த ஆண்டுவரை சில பருவங்கள் நல்ல விளைச்சல் இருந்தது. அதன்பின், சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்கள் வெறுமையாகிவிட்டன. கொற்கையில் தொடங்கி, பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிக் கை மாறி வந்த ஒரு தொழில், சுதந்திர இந்தியாவில் சத்தமில்லாமல் நின்றது.

அந்தத் தொழிலில் இருந்த ஒரு வழக்கத்தை இங்கே மறுபடி நினைவூட்ட வேண்டும். முத்துப்பாரில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது. முதலில் பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கிக் கொஞ்சம் சிப்பி எடுத்து, உடைத்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முற்றியிருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். இல்லையென்றால் அந்தப் பார் மூடியே கிடக்கும். ஓராண்டு, ஈராண்டு இல்லை, பல ஆண்டுகள்கூட. சங்குக்கும் இப்படித்தான். குறிப்பிட்ட அளவுள்ள வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறு சங்கை மறுபடி கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சங்கு குளித்தவர்கள் அறிந்த விதி.

ஆகவே, கடலின் ஒரு பகுதியை மூடி வைப்பது என்பது இந்தக் கரைக்குப் புதிதாக வந்த யோசனை இல்லை. மூடியவர்களின் நோக்கம் வருமானம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கே மூடுவது, எப்போது திறப்பது என்ற முடிவு, நீருக்கடியில் போய்ப் பார்த்து வந்த பரதவரின், கீழக்கரைக் குளியாட்களின் சொல்லை வைத்தே எடுக்கப்பட்டது. இதை ஏன் வற்புறுத்திச் சொல்கிறேன் என்பது இந்த அத்தியாயம் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

முத்து போனபின் கடலிலிருந்து என்ன எடுத்தார்கள்? கல் எடுத்தார்கள்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டினாற்போல 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரைப் பக்கம் ஏழு, வேம்பாருக்கு எதிரே மூன்று, தூத்துக்குடிக்கு எதிரே நான்கு. குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணி, காரைச்சல்லி, வான்தீவு என்று கரைக்காரர்கள் வாயில் புழங்கும் பெயர்கள். எல்லாமே தாழ்வான தீவுகள். பவளத் துண்டும் சிப்பித் தூளும் மணலும் சேர்ந்து உண்டானவை. ஒவ்வொன்றையும் சுற்றி, நீருக்கடியில் பவளப்பாறை வேலிபோல் நிற்கிறது.

பவளக்கல் என்பது ஏறக்குறையச் சுத்தமான சுண்ணாம்பு. நிலத்தில் தோண்டி எடுக்கும் கல்லில் மண்ணும் மணலும் கலந்திருக்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு. பழங்காலத்திலிருந்தே கரையூர் மக்கள் வீட்டுச் சுவருக்கும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்புக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கூரையில்லாமல் நிற்கும் தேவாலயச் சுவரை அருகே போய்ப் பாருங்கள். கல்லில் சின்னச் சின்னத் துளைகள் பூவிதழ் வரிசைபோல் தெரியும். ஒவ்வொரு துளையும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த இடம்.

வீட்டுக்கும் கோயிலுக்கும் எடுத்தவரை கடல் தாங்கிக்கொண்டது. 1960-களில் நிலைமை மாறியது. சுண்ணாம்புக் காளவாய்களோடு கால்சியம் கார்பைடு, சிமென்ட் போன்ற தொழில்களுக்கும் பவளக்கல் மூலப்பொருளாகப் போகத் தொடங்கியது. நீர் வற்றி பாறை தலைகாட்டும் நேரம் பார்த்து வள்ளத்தில் போவார்கள். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கடப்பாரையால் நெம்புவார்கள். மான்கொம்புபோல் கிளைவிட்ட பவளம் ஓரடியில் நொறுங்கிவிடும். உருண்டையாக வளர்ந்த பெரும்பாறையை அடியோடு பெயர்க்க வேண்டும். உயிரோடு வரும் பவளம் கரையில் குவிந்து, வெயிலில் காய்ந்து, கவிச்சை நாற்றம் அடங்கி வெளுத்தபின் லாரி ஏறும். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 கன மீட்டர் பவளக்கல் இப்படி எடுக்கப்பட்டதாக அக்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த வேலையைச் செய்தவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவது என் நோக்கமில்லை. அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் அவர்கள். அன்று அதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. வாங்க ஆளிருந்தது, விலை இருந்தது, கல் இருந்தது. கல் மறுபடி வளர எத்தனை காலம் ஆகும் என்பதை மட்டும் வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு மீட்டர் உயரப் பாறையைப் பெயர்த்தால், அதே இடத்தில் அதே அளவு பாறை வருவதற்கு நூறாண்டு ஆகும்.

அறிவியல் அன்று தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலேயே அதிகமாக ஆராயப்பட்ட கடல் இது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்து முத்து, சங்கு, கடலுயிர் பற்றி எழுதினார். அவருக்குப் பின் மீன்வளத்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கையும் முத்துப்பாரையும் ஆராய்ந்தார். 1927-இல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. விலங்கியல் படித்த பல தலைமுறை மாணவர்கள் குருசடைக்கு வந்து, பாடநூலில் படமாகப் பார்த்த பலனோகிளாசஸ் புழுவைச் சேற்றிலிருந்து தோண்டி நேரில் பார்த்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டு, 1949 முதல் 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

அந்த மண்டபம் முகாமில், 1969 ஜனவரியில், பவளம் பற்றிய பன்னாட்டு மாநாடு நடந்தது. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை உலகின் ஏதோ ஒரு பெருநகரில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் கூடும் பன்னாட்டுப் பவளப்பாறை மாநாட்டு வரிசையில் முதலாவது அதுதான். இராமேசுவரம் ரயிலில் போகிறவர்கள் மண்டபம் முகாம் நிலையத்தைக் கடக்கும்போது இதை நினைத்துப் பெருமைப்படலாம். (இரண்டாவது மாநாடு 1973-இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், ஒரு கப்பலிலேயே நடந்தது. கப்பலின் பெயர் மார்க்கோ போலோ. இதே வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றியும், சுறாக்களை மந்திரத்தால் கட்டியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதைப் பற்றியும் எழுதிவைத்த அதே வெனிஸ் பயணியின் பெயர்.)

மண்டபம் மாநாட்டில் எஸ்.மகாதேவன், கே.நாகப்பன் நாயர் இருவரும் ஒரு கட்டுரை அளித்தார்கள். இருவரும் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள் அல்லர், மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாவின் அடியைத் தாங்களே இறங்கிப் பார்த்தவர்கள். பவளப்பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன, எவ்வாறு சுரண்டப்படுகின்றன என்பதே கட்டுரையின் பொருள். மாநாட்டுத் தொகுதி 1972-இல் அச்சாகி வந்தது. அதே ஆண்டில்தான் இந்தியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பட்டியலில் பவளம் இல்லை. புலியும் யானையும் கண்ணுக்குத் தெரிந்த உயிர்கள். பவளம் கல்லாகத் தெரிந்தது.

மாநாடு முடிந்து 17 ஆண்டுகள் கழித்து, 1986 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் 1982-லேயே முதல் கடல் தேசியப் பூங்கா வந்துவிட்டது. 1989 பிப்ரவரி 18 அன்று இந்தப் பூங்காவை நடுவில் வைத்து, 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; இந்தியாவின் முதல் கடல்சார் உயிர்க்கோளக் காப்பகம். நடுப்பகுதியான பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. சுற்றியுள்ள பகுதியில் மக்கள் தொழில் செய்யலாம், ஆனால் கடலுக்குக் கேடு வராமல் செய்ய வேண்டும். திட்டம் இதுதான். 1991-இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வந்து, பவளப்பாறை உள்ள இடங்களை மிகக் கடுமையான பிரிவில் வைத்தது.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கடலில் கடப்பாரை ஓயவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னரும் ஏறத்தாழ இருபதாண்டுகள் இந்த வளைகுடாவில் பவளக்கல் எடுப்பு நடந்தது. முன்னைப்போல் பட்டப்பகலில் இல்லாவிட்டாலும் நடந்தது. காவல் காக்க வந்த வனத்துறை, காடு காத்துப் பழகிய துறை. ஜீப் ஓடாத இடத்தில், மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் கடலில், விரல்விட்டு எண்ணக்கூடிய படகுகளை வைத்துக்கொண்டு காவல் செய்வது எப்படி? இன்னொரு பக்கம், கரையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்களில் எவரிடமும் முன்கூட்டிக் கலந்து பேசிக் கோடு போடவில்லை. ஒரு நாள் வரை அவர்கள் கடலாக இருந்தது, மறுநாள் அரசின் பூங்காவாகிவிட்டது. கூலிக்குக் கல் எடுத்தவருக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை.

அந்தக் காலத்தின் விலை இரண்டு தீவுகள். தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. இரண்டும் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே. வரைபடத்தில் 21 என்று எழுதுகிறோம். படகில் போய் எண்ணினால் 19.

ஒரு தீவு எப்படி மூழ்கும்? திறந்த கடலிலிருந்து வரும் அலை, தீவுக்கு வெளியே நிற்கும் பவளப்பாறையில் மோதி உடைகிறது. உடைந்த அலைக்கு வேகம் கிடையாது; பாறைக்கும் தீவுக்கும் இடையிலுள்ள நீர் குளம்போல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில்தான் கடற்புல் வேர்விடும், மணல் தங்கும், மீன் குஞ்சு பொரிக்கும். பாறையின் மேல்பகுதியைப் பெயர்த்து எடுத்துவிட்டால் அலை உடையாமலே உள்ளே வந்து மணலை அரிக்கிறது. பவளம் உயிரோடு இருந்தவரை உடைந்து விழும் துண்டுகள் தீவுக்குப் புதுச் சல்லியாகச் சேர்ந்துகொண்டிருந்தன, அதுவும் நின்றுபோகிறது. செலவு கூடி வரவு நின்ற தீவு ஒவ்வொரு பருவக்காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கடல்மட்டம் உயர்வதும் சேர்ந்துகொள்ளும்போது முடிவு விரைவாக வருகிறது.

தீவு போனால் அடுத்து அலை எங்கே மோதும்? ஊர்க்கரையில்தான். கடலோரப் பாதுகாப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. தூத்துக்குடித் துறைமுகமும், அதையொட்டிய குடியிருப்புகளும், உப்பளங்களும், வேம்பார் முதல் மண்டபம் வரையிலான ஊர்களும் இந்தத் தீவு வரிசையின் மறைவில்தான் இருக்கின்றன.

2001 ஜூலையில் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடல் அட்டையும் அதே நேரத்தில் சேர்க்கப்பட்டது. கடல் அட்டை குளித்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அது பேரிடி. அந்த வழக்கும் வருத்தமும் இன்றுவரை தீரவில்லை. அதற்குத் தனியாக ஓர் அத்தியாயம் வேண்டும்.

2004 டிசம்பர் 26. சுனாமி நாகப்பட்டினத்தையும் கடலூரையும் கன்னியாகுமரியையும் தாக்கிய அளவுக்கு இராமநாதபுரக் கரையைத் தாக்கவில்லை. பவளப்பாறைதான் காப்பாற்றியது என்று அப்போது பலரும் சொன்னார்கள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. இலங்கைத் தீவு குறுக்கே நின்றதுதான் முதல் காரணம். பாறைகளும் தீவுகளும் அதற்கு அடுத்துதான். ஆனால் அலை வந்து போன பிறகு கரைமக்களின் மனத்தில் ஒன்று பதிந்தது: வெளியே நிற்கும் பாறை வெறும் கல் இல்லை. கல் எடுத்த ஊர்களிலேயே எதிர்ப்பு எழுந்தது. சட்டமும் கண்காணிப்பும் ஒரு பக்கம் இறுக, ஊரும் கைவிட, 2005-இல் பவளக்கல் எடுப்பு அறவே நின்றது.

அந்த ஆண்டுகளில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம், ஜே.கே.பாட்டர்சன் எட்வர்ட் தலைமையில், 21 தீவுகளைச் சுற்றியும் நீரில் இறங்கி முழுமையாக ஆய்வு செய்தது. மொத்தப் பவளப்பாறைப் பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துவிட்டது என்று தெரிந்தது. கல் எடுப்பும் பாறையைத் தேய்க்கும் மீன்பிடி முறைகளும் முக்கியக் காரணங்கள். மீதியிருந்த பாறையில் 117 வகைப் பவளங்கள் பதிவாயின.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2005-இல் பாறைகளின் மேல் உயிருள்ள பவளம் சுமார் 37 சதவீதம். 2009-இல் 43 சதவீதம். கடப்பாரை நின்று நான்கே ஆண்டுகள். யாரும் கட்டிக் கொடுக்கவில்லை, கடல் தானே கட்டிக்கொண்டது. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியால் என்ன பயன் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை.

2010 கோடையில் கடல் கொதித்தது. இந்த வளைகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் நீர் 30 டிகிரியைத் தாண்டினால் பவளத்துக்கு ஆபத்து. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது; உணவில் பெரும்பங்கைத் தருவது அதுதான், நிறம் தருவதும் அதுதான். சூடு தாங்காத பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாறை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். சூடு சில வாரங்களில் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். 43 சதவீதம் 33 ஆனது. மெல்லத் தேறி 39-ஐ எட்டியபோது 2016 வந்தது. அந்தக் கோடைக்குப்பின் எஞ்சியது 23 சதவீதம்.

கடல் சூடாவதை வனத்துறையின் கோடு தடுக்காது. இது உண்மை. ஆனால் 2010-க்குப் பின் பாறைகள் ஓரளவு தேறி வந்ததே, அது எப்படி? கல் எடுப்பில்லாத, மடிவலை இழுக்காத, சாக்கடை சேராத இடத்தில் பவளக் குஞ்சு ஒட்டி வளர இடம் இருந்தது. ஏற்கெனவே அடிபட்ட பாறை சூட்டிலும் மாட்டிக்கொண்டால் மீளாது.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு இதற்கு ஒரு சோதனைக்களம். ஒரு காலத்தில் நன்றாகப் பரந்திருந்த அந்தத் தீவு 2015 வாக்கில் சுருங்கி, இரண்டாகப் பிளந்து, விலாங்குச்சல்லி போன வழியில் போய்க்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, பவளப்பாறை நின்ற திசையில், துளைகள் வைத்த கான்கிரீட் கட்டமைப்புகளை அந்த ஆண்டிலிருந்து வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து, தீவின் பக்கம் மணல் சேர்ந்தது. கட்டமைப்புகளின் துளைகளில் மீன்கள் குடியேறின, பவளம் ஒட்டியது. தீவு மறுபடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. இப்போது காரைச்சல்லிக்கும் அதே வைத்தியம் தொடங்கியிருக்கிறது. 1969-இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த அந்தத் தீவின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. கல்லாக எடுத்து விற்றதைப் பல கோடி செலவில் கான்கிரீட்டாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த வரலாற்றில் பெண்களுக்கு இடமில்லாமல் போய்விடக் கூடாது. இராமேசுவரம், பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பகுதிகளில் பல நூறு பெண்கள் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். 1960-களின் நடுவிலிருந்து அகார் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்க மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றுக்குச் சந்தை உண்டானது. இருட்டோடு வள்ளத்தில் புறப்படுவார்கள். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள்; காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் கண்ணாடி, சேலைக்கு மேல் சட்டை, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, கையாலேயே பாசியைப் பறித்து, எழும்பி, பையில் திணித்து மறுபடி முங்குவார்கள். மணிக்கணக்காக இப்படியே. இடுப்பு வலியும் தலைவலியும் உப்பு அறுத்த விரலும் இந்த வேலையோடு கூட வருபவை.

பூங்காக் காவல் இறுகியபோது, கல் எடுத்தவரைவிட அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள். பாசி வளர்வது தீவுகளைச் சுற்றிய பாறைகளில். தீவை நெருங்கக் கூடாது என்பது பூங்கா விதி. வள்ளம் பறிபோனது, அபராதம் விழுந்தது. ஆனால் அவர்கள் வெறுமனே மன்றாடிக்கொண்டு நிற்கவில்லை. தங்களுக்குள் கூடிப் பேசி, மாதம் 12 நாட்கள்தான் பாசி எடுப்பது என்று முடிவு கட்டினார்கள்; அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். இரும்புச் சுரண்டி வேண்டாம், வெறுங்கையால்தான் பறிக்க வேண்டும். மற்ற நாட்களில் பாசி வளரட்டும். இந்தப் பெண்களின் சார்பில் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள்.

முன்பு சொன்ன சதவீதக் கணக்குகளைவிட இந்த 12 நாள் கட்டுப்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். முத்துப்பாரை மூடித் திறந்த பழைய அறிவு இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. இம்முறை மூடியவர்கள் அரசுக்கு வரி சேர்ப்பவர்கள் இல்லை, அந்தக் கடலில் நாளும் முங்குபவர்கள்.

விசைப்படகுப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். அது அடுத்தடுத்த இதழ்களில் விரிவாக வரும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. முன்பு 45 நாளாக இருந்தது 2017-இல் கூட்டப்பட்டது. கரையோரத் தூர விதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே தீவுகளைச் சுற்றிய கடற்புல்லும் பவளமும் பாதி நிம்மதி அடையும். நாட்டுப்படகு மீனவர்கள் ஆண்டாண்டாகக் கேட்பதும் இதைத்தான்.

பாதுகாப்பைக் கெடுக்கும் முடிவுகள் சில நேரம் நல்ல எண்ணத்தோடே வருகின்றன. கப்பாபைகஸ் என்ற பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. வேகமாக வளரும், கராஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக நல்ல விலை கிடைக்கும், பாசி எடுக்கும் பெண்களுக்கு மாற்றுத் தொழிலாகும் என்று 2000-களின் தொடக்கத்தில் பாக் விரிகுடாப் பக்கம் மிதவைகளில் வளர்க்க ஊக்குவித்தார்கள். பல குடும்பங்களுக்கு வருமானமும் கிடைத்தது. 2008-இல் குருசடைத் தீவின் பவளங்கள் மீது அதே பாசி படர்ந்து, வெயில் படாமல் மூடி, பவளத்தைக் கொல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதன்பின் வேறு தீவுகளிலும் பரவியது. அன்றிலிருந்து அதைக் கையால் பிடுங்கி எடுக்கும் வேலை நடக்கிறது. சிறு துண்டு எஞ்சினாலும் மறுபடி தழைக்கும் பாசி அது. இந்த ஊரிலேயே விளையும் பாசிகளைப் பெருக்க வழி தேடியிருக்கலாம் என்பதே என் எண்ணம். இனி புதிதாக எந்தப் பாசித் திட்டம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய உலக நாடுகள், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பதென்று உடன்பட்டன. இந்தியாவும் அதில் ஒன்று. எனவே வரும் ஆண்டுகளில் நம் கடற்கரை நெடுகப் புதிய கோடுகள் விழும். மன்னார் வளைகுடா ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 1986 முதல் 2005 வரை கோடு இருந்தது, காவல் இல்லை, கரைமக்கள் கூட இல்லை, தீவுகள் போயின. கோட்டை வரைவதற்கு முன்பு சின்னப்பாலத்துக்கும் வேம்பாருக்கும் போய்ப் பேசுங்கள். பாசி எடுக்கும் பெண்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் நிர்வாகக் குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். பூங்காவில் எந்தப் பாறை எந்த மாதத்தில் மூடியிருக்க வேண்டும் என்பதை அவர்களைக் கேட்காமல் யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது.

இந்தத் தொடரைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இராமேசுவரம் போகும்போது கடைகளில் வெளுத்த பவளக் கொத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதை விற்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். வாங்க ஆளிருக்கும்வரை எங்கோ ஒரு கடப்பாரை இறங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்த இதழில் தீவுகளை விட்டு வடக்கே, பாக் விரிகுடாவுக்குப் போகிறோம். கரைக்காரர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடல்பசுவுக்காக 2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. நாட்டிலேயே அதுதான் முதல் கடல்பசுக் காப்பகம். அங்கே ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்து அதை விடுவிப்பவர்கள் மீனவர்களே.